தையில் விதை போடுகிறவர்களுக்கு

ஸ்காபரோவில் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த மறுநாளே எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம் பிடிக்கிறது. யன்னலோரம் யோகட் கோப்பைகளை அடுக்கி, கத்தரியும் மிளகாயும் போட்டுவிடுவார்கள். பிறகு மோலில் காலை நடைக்கு வந்தால், "என்ன மாஸ்டர், இன்னும் விதை போடேல்லையோ? என்ரை இரண்டு இலை விட்டிட்டுது" என்று விசாரணை. வெளியே முழங்காலளவு ஸ்நோ.

போடவில்லை. பங்குனி கடைசி வரை போடவும் மாட்டேன்.

கோபிக்காமல் கேளுங்கள். தை நடுவில் ரொறன்ரோவில் பகல் ஒன்பதேகால் மணித்தியாலந்தான். அதிலும் பல நாள் வெயிலே இல்லை. கத்தரி, மிளகாய் விதை முளைக்கச் சூடு போதும், வீட்டு ஹீட்டரே முளைக்க வைத்துவிடும். அதைத்தான் வெற்றி என்று நினைத்துப் படம் எடுத்து அனுப்புகிறோம். முளைத்த பிறகுதான் வெளிச்சம் வேண்டும். இல்லாவிட்டால் கன்று நூல்போல் நீண்டு சாயும். ஈரமும் கூடினால் அடித்தண்டு அழுகி ஒரே இரவில் படுத்துவிடும்.

"முந்திப் போட்டால் முந்திக் காய்க்கும்" என்பார்கள். ஊரில் சரி. இங்கே முந்திப் போட்டதை எங்கே நடப்போகிறீர்கள்? வைகாசி நடுவரை உறைபனி வரலாம். நாலு மாதம் சின்னக் கோப்பைக்குள் வேர் சுற்றிக் கிடந்த கன்று நிலத்துக்குப் போனதும் திகைத்து நிற்கும். எட்டுக் கிழமைக் கன்று அதைத் தாண்டி வளர்ந்ததை என் பின்வளவில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொங்கலில் இருந்து முன்னுக்கு எண்ணாதீர்கள், நடுகிற நாளில் இருந்து பின்னுக்கு எண்ணுங்கள். விதைப் பைக்கற்றில் "கடைசி உறைபனிக்கு இத்தனை கிழமை முன்" என்று இருக்கும். தக்காளிக்கு அது பொருந்தும். விக்டோரியா டே அளவில் நடலாம், ஆகவே சித்திரை 10 அளவில் போட்டால் போதும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் உறைபனி நின்றால் மட்டும் காணாது, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாமல் இருக்கவேண்டும். அதற்கு ஆனி பிறக்கவேண்டும். பத்துக் கிழமை பின்னுக்குப் போனால் பங்குனி 23. பாகலும் புடோலும் வேரைத் தொட்டால் கோபிக்கிற சாதி, வைகாசி 10க்குப் பிறகு போட்டு மூன்று நாலு கிழமையில் நட்டுவிடவேண்டும். கீரையை நேரே நிலத்தில் தூவுங்கள். லீக்ஸ் வேண்டுமென்றால் மட்டும் மாசியில் போடலாம், அது குளிர் தாங்கும். பேஸ்மென்ற்றில் லைற் பூட்டி 15 மணித்தியாலம் எரிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கரண்ட் பில் அவர்களுடையது.

இவ்வளவு கடுமையாக ஏன் எழுதுகிறேன் என்றால், நானும் தையில் போட்டவன். என் மனைவி 18 வருடமாக ஒரு வரிக்கத்தரியை விட்டுவிடாமல் வைத்திருந்தார். புரட்டாதியில் ஒரு காயைப் பழுக்கவிட்டு, விதை கழுவிக் காயவைத்து, பழைய கலண்டர் தாளில் மடித்து வைப்பார். விதை போடும் நாள் அவருடைய பொறுப்பு, நான் மண் சுமப்பவன். அவர் போன அடுத்த தையில், வீடு வெறுமையாக இருக்கிறதே, ஏதாவது பச்சை தெரியட்டும் என்று இருந்த விதை முழுவதையும் போட்டேன். அறுபது விதை இருக்கும். நன்றாகத்தான் முளைத்தன. மாசி முடிவதற்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து மூன்று கன்று மிஞ்சியது. அந்த மூன்றும் இல்லாவிட்டால் அந்தக் கத்தரி என்னோடு முடிந்திருக்கும். அந்த வருடம் ஒரு காயையும் கறிக்குப் பிடுங்கவில்லை, எல்லாவற்றையும் விதைக்கு விட்டேன்.

இப்போது மேசை லாச்சிக்குள் கலண்டர் தாளில் மடித்த விதை இருக்கிறது. பங்குனி 23ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அதுவரை மோலில் கேட்கிறவர்கள் கேட்கட்டும். வைகாசியில் கன்று செத்துப்போச்சென்று வருகிறவர்களுக்கு, கடைசியாக வந்த வருடம்போல, என்னிடம் நாலைந்து மேலதிகமாக இருக்கும்.