யுத்தத்தில் யாருக்கு என்ன மிச்சம்?

1965 ஆகஸ்டில் பாகிஸ்தான் காஷ்மீருக்குள் ஆட்களை ஊடுருவவிட்டது. செப்டம்பர் 1-ல் சாம்ப் பகுதியில் அதன் டாங்கிகள் பாய்ந்தன. 6-ந் தேதி நமது துருப்புகள் லாகூரை நோக்கிச் சென்றன. அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த பாட்டன் டாங்கிகள் கேம்கரன் வயல்களில் நொறுங்கின. 23-ந் தேதி சண்டை நின்றது.

1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்டில், சோவியத் பிரதமர் கோசிகின் முயற்சியால், சாஸ்திரியும் அயூப் கானும் ஒப்பந்தம் செய்தார்கள். பிடித்த இடங்களை விட்டு, ஆகஸ்ட் 5-க்கு முந்திய நிலைக்கே இரு சேனைகளும் திரும்பின.

எல்லை நகரவில்லை, ஆயிரக்கணக்கான உயிர்கள் போனதுதான் மிச்சம். செத்த சிப்பாய்களில் மில் முதலாளி மகன் எத்தனை பேர்? மிராசுதார் மகன் எத்தனை பேர்? பந்தல்குடியில், வானம் பார்த்த பூமியில் பாடுபடும் நாம் கேட்கிறோம்: கடைசியில் பேசியதை முதலிலேயே பேசினால் என்ன? யுத்த வெறி மூட்டுவோரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், தோழர்களே!