அரைப்பேர்கூட இல்லாத பாடல்கள்

"நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது" என்று இனி எவராவது என் முன்னால் சொன்னால், அவரை உட்காரவைத்து எலிசபெத் கொட்டன் என்ற மூதாட்டியின் கதையைச் சொல்வதென்று தீர்மானித்திருக்கிறேன். கேட்க விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893இல் பிறந்த கறுப்பினப் பெண் அவர். சிறுமியாக இருந்தபோதே வீட்டு வேலைக்குப் போய், சேர்த்த காசில் மூன்று டொலர் எழுபத்தைந்து சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினார். அவர் இடதுகைக்காரர், கிற்றாரோ வலதுகைக்காரருக்கானது. தந்திகளை மாற்றிக் கட்டவில்லை. கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் பெருவிரலால் அடித்தந்திகளை மீட்டி, ஏனைய விரல்களால் மெட்டை வாசிப்பார்கள். அவரோ விரல்களால் அடித்தந்திகளையும் பெருவிரலால் மெட்டையும் வாசித்தார். கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லாததால் பிறந்த இந்த முறைக்கு இன்று உலகெங்கும் அவர் பெயரே வழங்குகிறது. இசைப் பள்ளிகளில் பயில்கிறார்கள். வீட்டருகே ஓடிய சரக்கு ரயிலைப் பற்றி அவர் ஒரு பாடலைக் கட்டியது பதினொன்றோ பன்னிரண்டோ வயதில். பிறகு திருமணம், குழந்தை, 'இது உலகியல் பாட்டு, விட்டுவிடு' என்ற தேவாலயத்தாரின் அறிவுரை. பல பத்தாண்டுகள் கிற்றாரை அவர் அனேகமாகத் தொடவேயில்லை.

அடுத்து வருவதை நானே கற்பனை செய்து எழுதியிருந்தால் நம்பமாட்டீர்கள். வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்து அழுத ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார் கொட்டன். அந்தச் சிறுமி பெகி சீகர். தந்தை சார்ள்ஸ் சீகர் இசையியலாளர். தாய் ரூத் குரோஃபர்ட் சீகர் இசையமைப்பாளர், நாட்டார் பாடல்களுக்கு இசைக்குறிப்பு எழுதியவர். அந்த வீட்டில் சமையலுக்கும் துணி துவைக்கவும் கொட்டன் சேர்ந்தார். நாடெங்கும் நாட்டார் பாடல் தேடிய குடும்பம். பாடலோ அவர்களுடைய சமையலறையில் நின்றது. சுவரில் தொங்கிய கிற்றாரை ஒருநாள் அவர் எடுத்து மீட்டியபோதுதான் அவர்களுக்கு அது தெரியவந்தது. மகன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்ய, 1958இல் போக்வேஸ் நிறுவனம் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. கொட்டனுக்கு அப்போது அறுபத்தைந்து வயது.

ஆனால் பாட்டு அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டது. பெகி சீகர் இங்கிலாந்தில் அதைப் பாட, கேட்ட இருவர் தங்கள் பெயரில் உரிமையைப் பதிவு செய்துகொண்டார்கள். 1957இல் சாஸ் மெக்டெவிட், நான்சி விஸ்கி குழுவினரின் குரலில் அது பிரித்தானியாவில் பெரும் வெற்றி பெற்றது. கட்டியவர் வாஷிங்டனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சீகர் குடும்பத்தார் தலையிட்டு வாதாடிய பிறகே அவருடைய பெயர் அந்தப் பாடலோடு சேர்ந்தது. 1985இல், தொண்ணூற்றிரண்டு வயதில், கிராமி விருது பெற்றார். 1987இல் காலமானார்.

அந்த இசையைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதில் அழுகை இல்லை. புளூஸ் என்றால் புலம்பல் என்று எண்ணிக்கொண்டு போகிறவர், தாளம் தவறாத ஒரு நடையையும், அதன்மேல் யாரிடமும் எதையும் கேட்காத ஒரு கிழக்குரலையும் சந்திப்பார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குரல் அந்நியமாகப் படாது. நல்ல ஒப்பாரிக்காரியும் அழுவதில்லை. அவள் பாடி முடித்த பிறகு அழுவது மற்றவர்கள்தான்.

இந்த அமெரிக்கக் கிழவிக்கும் எமது மலைநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை தாண்டி ஹட்டனுக்கு ஏறும் வீதியில், வாகனங்கள் மூச்சு வாங்க நிற்கும் ஊர் கினிகத்தேனை. பெயரில் நெருப்பு இருந்தாலும் ஆண்டில் பாதி நாள் நனைந்தபடியே கிடக்கும். அதைச் சுற்றியுள்ள தோட்டமொன்றின் லயத்தில் எண்பது கடந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி எல்லாம் பாடுவார். தாயிடம் கற்றது பாதி, தானே கட்டியது பாதி. ஒரு சொல்லின் நடுவே மூச்சை நிறுத்தி, நாம் வரி முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மீதியை மெதுவாக இறக்கிவைப்பார். கொழுந்து மலையில் ஏற்றத்தில் நின்று பாடிப் பழகியவர்களுக்கு வருகிற மூச்சு அது. பயிற்சிப் பட்டறையில் வராது.

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகள் நினைவுகூரப்பட்ட 2023இல், ஒரு மண்டபத்தில் அவருடைய பாட்டைக் கேட்டேன். அவர் பாடவில்லை. இளம்பெண்கள் ஒரே நிறச் சேலையில், முதுகில் புதுக் கூடையோடு ஆடினார்கள். பாட்டு ஒலிபெருக்கியில் வந்தது. நிகழ்ச்சித் தாளில் நடன அமைப்பு, இசைக் கோவை, ஒளியமைப்பு, ஒப்பனை, ஒலி என்று எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தது. பாடலுக்கு எதிரே 'மலையக நாட்டார் பாடல்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன் அந்தக் குழுவினர் லயத்துக்கு வந்து, இரண்டு மணி நேரம் அவரைப் பாடவைத்துப் பதிவு செய்து, ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைமையுரை ஆற்றியவர், "பெயரறியாத எங்கள் பாட்டிமார்" என்று உணர்ச்சி பொங்கக் குறிப்பிட்டார். கைதட்டல் வேறு.

பெயரறியாத என்றால் யார் அறியாத? அவருடைய பெயர் தோட்டத்துச் செக்ரோலில் நாற்பது வருடம் இருந்தது. தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். நிறை சரியாக இருந்தால் ஒரு பேர்; குறைந்தால் அரைப்பேர். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கொழுந்தைக் கணக்கிட அவர் பெயர் தேவைப்பட்டது, தவறாமல் எழுதிக்கொண்டார்கள். கலை வளர்க்க வந்த நம்மவர்களுக்குத்தான் அது தேவைப்படவில்லை. கொழுந்துக்குக் கிடைத்த அரைப்பேர்கூடப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை என்றால், துரைமாரைத் திட்டி நாம் எழுதிய கட்டுரைகளுக்கு என்ன பொருள்?

இதற்குக் கற்றறிந்தோரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நாட்டார் பாடல் ஒரு கூட்டுப் படைப்பு. அதற்கு உரிமையாளரைத் தேடுவது முதலாளித்துவத் தனிமனிதப் பார்வை. வாய்க்கு வாய் மாறி வந்ததில் எது எவருடையது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே அறிஞர்கள், இதே கூட்டுப் படைப்பைப் பற்றித் தாம் எழுதிய நூலின் அட்டையில் தம் பெயரைப் பட்டத்தோடு போட்டுக்கொள்கிறார்கள். 'தொகுப்பாசிரியர்' என்ற சொல்லில் ஆசிரியர் இருக்கிறார்; பாடியவர்தான் இல்லை. மெட்டு பொதுவாக இருக்கலாம், வரிகளில் பல பரம்பரையாக வந்திருக்கலாம். கொட்டனும் தம் ஊர்க் கறுப்பின மக்களின் பொது மரபிலிருந்துதான் எடுத்தார். ஆனாலும் அந்தப் பெருவிரல் அவருடையது. கினிகத்தேனை மூதாட்டியின் மூச்சும் அப்படித்தான். இறந்த கணவனைப் பற்றி, லயக் காம்பிராவின் ஒழுகும் கூரையைப் பற்றி, 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன அக்காளைப் பற்றி அவர் ஒப்பாரியில் வைத்த வரிகளை எந்தக் கூட்டம் கட்டியது?

பெயர் இல்லாமல் விடுவது தமிழ் மரபும் அல்ல. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், பாடியவர் பெயர் கிடைக்காதபோது என்ன செய்தார்கள்? பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்றெல்லாம் குறுந்தொகையில் நிற்பவை அப்படி வந்த பெயர்கள். காக்கையைப் பாடிய நச்செள்ளையார் என்ற பெண்ணைக் காக்கைபாடினியார் என்றே வழங்கினார்கள். ஒரு பாட்டு பெயரில்லாமல் அநாதையாக நிற்கக்கூடாது என்ற கூச்சம் அவர்களுக்கு இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியும் கைபேசியும் இல்லாத காலம் அது. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. பாடியவரும் எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் பெயர் சொல்வார்.

பெயர் நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்று பார்த்தால் வேதனைதான் மிஞ்சுகிறது. கொல்லங்குடி கருப்பாயியை எடுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டுக்கு ஆட்களை அனுப்பிய பழைய இராமநாதபுரச் சீமையில், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தவர். வயலிலும் வானொலியிலும் பாடியவர். எங்கள் லயத்துப் பாட்டிமார் வாயில் வருகிற அதே மண்ணின் பாட்டு. 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக நடித்திராவிட்டால் இந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? 2025 ஜூனில், தொண்ணூற்றொன்பது வயதில், அவர் மறைந்தபோது கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் எனக்கு வந்த அஞ்சலிக் குறிப்புகளில் எல்லாம் அந்தப் படம் இருந்தது. அவர் பாடிய தெம்மாங்கு ஒன்றைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. படத்தில் அவர் நன்றாகவே செய்திருந்தார், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பாடகி தம் பாட்டுக்காக நினைக்கப்பட, முதலில் நகைச்சுவைப் பாட்டியாக வேண்டியிருக்கிறது என்பதை ஏன் நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம்?

எங்கள் மலைநாட்டிலேயே பெயர் நின்ற பெண் ஒருவர் உண்டு: மீனாட்சி அம்மை. கோ. நடேசய்யரின் துணைவியார். தொழிற்சங்கக் கூட்டங்களில் கணவர் பேசுமுன் இவர் பாடுவார். பாட்டு கேட்கவே கூட்டம் சேரும். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற தலைப்பில் தம் பாடல்களை அச்சிட்டார். அச்சிட்டதனால் இன்று பெயர் சொல்ல முடிகிறது. அவரிடம் பத்திரிகை இருந்தது, எழுத்து இருந்தது. அந்தக் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டு, மறுநாள் கொழுந்து மலையில் அதற்குப் பதில் பாட்டுக் கட்டியவர்களிடம் அவை இல்லை.

தொகுத்தவர்களோடு எனக்குச் சண்டை என்று எவரும் எண்ணவேண்டாம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் திரிந்து சேர்த்து, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தந்திராவிட்டால், சாரல் நாடன் 1993இல் 'மலையக வாய்மொழி இலக்கியம்' எழுதியிராவிட்டால், இதைப் பற்றிச் சண்டை போடக்கூட நம்மிடம் ஒன்றும் இருந்திராது. அவர்கள் போட்ட பாதையில் வசதியாக வண்டி ஓட்டிக்கொண்டு, வழியில் நிற்கிறவளின் பெயரைக் கேட்காமல் போகிறவர்களைத்தான் சொல்கிறேன். ஆய்வுப் பட்டம், நடன நிகழ்ச்சி, ஆவணப்படம், இறுவட்டு, இப்போது யூடியூப். பதிவு செய்கிறவரின் பெயர் திரையின் மூலையில் நிரந்தரமாக நிற்கிறது. அதைத் திருடினால் வழக்குப் போடுவேன் என்ற எச்சரிக்கையும் கூடவே நிற்கிறது. யாரிடமிருந்து எடுத்ததற்கு யார் எச்சரிக்கை விடுவது!

அந்த மூதாட்டியின் பெயரை நானே இங்கு எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் அனுமதி கேட்டேன். நான் எழுதப்போவதை முழுதும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பாட்டுக்குக் கீழ போடுங்க தம்பி, சண்டைக்குக் கீழ வேணாம்" என்றார். அந்த விருப்பத்துக்குக் கட்டுப்படுகிறேன். பாட்டுக்குக் கீழே போடவேண்டியவர்களுக்கு அவருடைய லயம் எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும், வந்தவர்கள்தானே.

கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், வயது, யாரிடம் கற்றார், எது தாமே கட்டியது, பதிவு செய்த நாள். வெளியிட அவருடைய சம்மதம், ஒரு பிரதி அவருக்கு. மேடைக்கோ படத்துக்கோ போனால் ஒளியமைப்பாளருக்குக் கொடுப்பதைப் போல அவருக்கும் ஒரு கூலி. ஒரு தாளில் அடங்கும்.

தொரொன்டோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இதை வாசிக்கிறவர்களில் சிலரிடம், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்களில் பதிந்த கசெட்டுகள் இருக்கின்றன என்பதை அறிவேன். உறையில் 'பதுளை ஒப்பாரி', 'டிக்கோயா தாலாட்டு' என்று ஊர்ப் பெயர் மட்டும் எழுதியிருப்பீர்கள். அந்தக் குரல்களில் பல இன்று இல்லை. ஆனால் மகள்மார் இருக்கிறார்கள்; சிலர் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். கசெட்டைக் கணினியில் ஏற்றி ஒரு கைபேசிக்கு அனுப்பி, அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் வரியிலேயே அம்மாவின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.