திண்ணனூர் நாடு: ஊராட்சியில் தலைவர் இல்லைன்னா யாரிடம் கேட்பது?

கொல்லிமலை ஒன்றியத்தில் மொத்தம் 14 ஊராட்சிகள். பழைய ‘நாடு’ என்ற பெயரிலேயே இயங்கும் இவற்றில் ஒன்றுதான் திண்ணனூர் நாடு.

இப்போ என்ன பிரச்னை?

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். குழாயில் தண்ணீர் வரலைன்னா வார்டு மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அலுவலரை அப்படிப் பிடிக்க முடியாது.

மக்கள் கையில் என்ன இருக்கு?

கிராம சபை. வாக்காளர் எல்லோருமே உறுப்பினர்கள். வரவு-செலவு கேட்கலாம், தீர்மானம் போடலாம். சுவிட்சர்லாந்தின் சின்ன ஊர்களிலும் இப்படி வாக்காளர் கூட்டம் உண்டு. ஆனா அங்கே அந்தக் கூட்டம் ஓட்டுப் போட்டால்தான் பட்ஜெட்டும் வரி விகிதமும் நிறைவேறும்.

இங்கே அந்த அதிகாரம் கிடைக்காதா?

பழங்குடிப் பகுதி கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தருவது 1996-ன் பெசா சட்டம். அது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. மலையாளி பழங்குடிகள் வாழும் கொல்லிமலையும் விதிவிலக்கல்ல.

ஆனாலும் 2006 வன உரிமைச் சட்டம் இங்கேயும் உண்டு. காட்டு நில உரிமைக் கோரிக்கையைத் தொடங்கி வைப்பது கிராம சபைதான். தலைவர் நாற்காலி காலியா இருக்கும்போது அந்தக் கூட்டத்துக்குப் போவது இன்னும் முக்கியம்.