சக்கரத்துக்கு மட்டும் அடைத்த மலை

தமிழ்நாட்டு வனத்துறை மலையேற்றத்துக்குத் திறந்துவிட்டிருக்கும் பாதைகள் 40. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களின் மலைகள் அடக்கம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைத் தரம் பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யலாம். கூட்டிப்போக மலைவாழ் இளைஞர்கள் வருகிறார்கள். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்ட பிறகு இப்படியொரு ஒழுங்கு வந்தே ஆக வேண்டியிருந்தது. வந்திருக்கிறது, நல்லது. ஆனால், நாற்பதும் நடப்பதற்கு. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அந்தப் பட்டியலில் வேலையே இல்லை.

மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்றால்கூட மன்னிக்கலாம். சைக்கிளை ஒரு விஷயமாகவே நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எரிச்சல். இ-பாஸ் விவகாரத்திலும் இதையே பார்த்தோம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. விடுதிக்காரர்கள் கொதித்தார்கள், வியாபாரிகள் கடையடைத்தார்கள், சூழலியலாளர்கள் வரம்பு போதாது என்றார்கள். மலை எத்தனை காரைத் தாங்கும் என்று இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த மாதங்களில், எரிபொருளே குடிக்காத ஒரு வண்டி உலகத்தில் இருக்கிறது என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

மண்பாதை கிடைக்காததால் எம்.டி.பி. என்ற மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எங்கே போகிறார்கள்? தார்ச் சாலைக்கு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. சேற்றுக்கும் வேருக்கும் கல்லுக்கும் என்று செய்த முள் டயர் தாரில் ரீங்காரமிட்டுத் தேய்கிறது. மலைமேட்டில் குதித்து இறங்கச் செய்த ஃபோர்க், வேகத்தடைக்கு மட்டும் அசைந்து கொடுக்கிறது. இறக்கத்தில் பின்னால் அரசுப் பேருந்து. முன்னால், வளைவில் பாதிச் சாலையை எடுத்துக்கொண்டு ஏறிவரும் சுற்றுலா வேன். நடுவில் இவர், சூடேறிய டிஸ்க்கையும் பாதி தேய்ந்த பிரேக் பேடையும் நம்பி. காட்டுப் பாதை ஆபத்து என்று மறுக்கிறவர்கள், அதற்குப் பதிலாக எதை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் வந்து பார்க்கலாம்.

வரிக்கணக்கும் இதே லட்சணம். 2023 பட்ஜெட்டில் வெளிநாட்டுச் சைக்கிளின் சுங்க வரியை 30 சதவீதத்திலிருந்து 35 ஆக ஏற்றினார்கள். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜிஎஸ்டியை 12-இலிருந்து 5 ஆக இறக்கினார்கள். இறக்கியதற்கு நன்றி. ஆனால், தெருமுனைக் கடையில் ‘எம்.டி.பி.’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதில் பெரும்பாலானவை பள்ளிக்கூடம் போய்வருவதற்கான வண்டிகள். முன் ஃபோர்க்கில் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அதை நம்பி மலை இறங்கினால் ரிம் கோணும், பிரேக் கம்பி நீளும். காற்று ஃபோர்க், ஹைட்ராலிக் பிரேக், ட்யூப் இல்லாத டயர் என்று உருப்படியான வண்டி வாங்கினவருக்கோ வேறு பாடு. டயருக்குள் ஊற்றும் சீலன்ட் காய்ந்துபோனாலும் பிரேக்குக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தாலும் பெரிய நகரத்துக் கடையைத் தேடிப் போக வேண்டும். அங்கும் டாட் திரவம் கேட்கும் பிரேக்கில் மினரல் ஆயிலை ஊற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சீலைக் கெடுத்துத் தராத மெக்கானிக்காக அமைய வேண்டும். பாதை இருந்தால் ஓட்டுகிறவர்கள் வருவார்கள், ஓட்டுகிறவர்கள் வந்தால் கடை வரும். பாதை இல்லாத ஊரில் கடைக்காரர் எதை நம்பிச் சரக்கை அடுக்குவார்?

சரி, காட்டுப் பாதையில் சைக்கிள் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம் என்ன? மண் அரிக்கும், செடி நசுங்கும், விலங்கு மிரளும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். இந்த மூன்றையும் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நம் அதிகாரிகள் யாராவது அவற்றைப் புரட்டியிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மலைப்பாதைகளில் வில்சன், சீனி என்ற இரு ஆய்வாளர்கள் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் நான்கையும் ஓடவிட்டு, செயற்கை மழையும் பெய்யவைத்து, கரைந்து வரும் மண்ணைப் பிடித்து அளந்தார்கள். 1994-இல் வெளியான முடிவு: சக்கரங்களைவிடக் குளம்பும் காலும்தான் அதிக மண்ணைக் கிளறிவிட்டன. ஏற்கெனவே ஈரமாக இருந்த பாதையில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கால் என்பது மனிதக் கால்தான், நீங்களும் நானும் வைத்திருக்கிறோமே அது.

அதைவிட எனக்குப் பிடித்தது கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டன், ரீடர் இருவரும் செய்த சோதனை. 2001-இல் வெளியானது. பாதையே இல்லாத இலையுதிர் காட்டில் கோடு கிழித்து, சிலவற்றில் நடக்கவிட்டார்கள், சிலவற்றில் சைக்கிள் ஓட்டவிட்டார்கள். 25 முறை, 75 முறை, 200 முறை, 500 முறை. செடி எவ்வளவு அழிந்தது, மண் எவ்வளவு வெளியே தெரிந்தது என்று கணக்கெடுத்தார்கள். 500 முறை போன பிறகும் நடந்த தடத்துக்கும் உருண்ட தடத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. சேதம் நடுக்கோட்டை ஒட்டியே நின்றுவிட்டது. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது தாவரம் பெரும்பாலும் மீண்டிருந்தது. ஐந்நூறு! நீலகிரியின் சைக்கிள்காரர்கள் எல்லோரையும் ஒரே நாளில் ஒரே பாதையில் விட்டாலும் அந்த எண்ணைத் தொடுவார்களா என்பது சந்தேகம். நம் மலையில் 40 பாதைகளில் காலுக்கு அனுமதி தந்த துறை, காலுக்குச் சமம் என்று அளந்து சொல்லப்பட்ட சக்கரத்தை எந்தக் கணக்கில் நிறுத்திவைக்கிறது?

விலங்கு மிரளும் என்பதற்கும் பதில் உண்டு. யூட்டா மாநிலத்தின் ஆன்டெலோப் தீவில் காட்டெருமை, மான், ப்ராங்ஹார்ன் மூன்றும் மனிதரைக் கண்டால் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். 2003-இல் வந்த ஆய்வு. நடந்து வந்தாலும் ஓட்டி வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடின. ஒரு மணி நேரத்தில் சைக்கிள்காரர் அதிக தூரம் போவார், அதனால் அதிக விலங்குகளைக் கலைப்பார் என்று இதற்கும் ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். உண்மைதான். அதே வேகத்தில் அங்கிருந்து போயும் விடுவார்.

மொன்டானா வேறு, மசினகுடி வேறு. அங்கே யானை ஏது என்று கேட்பார்கள். கேட்கட்டும். தெப்பக்காட்டிலிருந்து முதுமலைக்குள் வனத்துறையே வேன் ஓட்டிச் சுற்றிக் காட்டுகிறது. தீத்தடுப்புக் கோடுகளில் துறையின் ஜீப் ஓடுகிறது. வேன் சத்தத்துக்குப் பழகிவிட்ட யானை, செயின் சத்தத்துக்கு மயங்கி விழுமா? சத்தமில்லாமல் வேகமாய் வரும் சைக்கிள் வளைவில் யானை முன்னால் போய் நிற்கும் என்பது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய வாதம். அதற்காகத்தான் புலிகள் காப்பகத்தையோ சோலையையோ நான் கேட்கவில்லை. நான் கேட்பது தேயிலைத் தோட்டத்தை.

இந்த இடத்தில் கேரளத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயநாட்டின் மானந்தவாடியில் பிரியதர்ஷினி தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கொத்தடிமையிலிருந்து மீட்ட பழங்குடிக் குடும்பங்களின் மறுவாழ்வுக்காக அரசு உண்டாக்கிய தோட்டம். அங்கேதான் கேரளச் சாகசச் சுற்றுலாத் துறையினர் ‘எம்.டி.பி. கேரளா’ பந்தயம் நடத்தினார்கள், வெளிநாட்டு வீரர்களையும் வரவழைத்து. அதோடு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடியில், அதுவும் தோட்டத்து மண்ணில், ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. பாரீஸ் ஒலிம்பிக்கில் இடம் பெற்றுத்தரும் போட்டி அது. ஒலிம்பிக்கில் 1996-இலிருந்து இருக்கும் விளையாட்டுக்கு, நமக்குப் பக்கத்து மலையில் ஆசியாவே வந்து போட்டி போட்டபோது, ஊட்டியில் நாம் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தோம்.

நம்மிடம் தோட்டம் இல்லையா? டான்டீ இருக்கிறது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழருக்கு வேலை தர 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள். குன்னூரில் தலைமையகம், பந்தலூர், சேரங்கோடு, வால்பாறை என்று பரந்து கிடக்கிறது. வருடக்கணக்காக நஷ்டம். 2022-இல் 2,152 ஹெக்டேரைப் பராமரிக்க முடியவில்லை என்று வனத்துறைக்கே திருப்பித் தரும் முடிவு வந்தபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் போய்விடும் என்று தெருவுக்கு வந்தார்கள். அந்தத் தோட்டங்களுக்குள் இலை ஏற்றும் வண்டிக்காக வெட்டிய மண்பாதைகள் ஓடுகின்றன. சரிவைச் சுற்றிச் சுற்றி, நீர் வடியும்படி. மலைச் சைக்கிள் பாதை போடுகிறவர்களிடம் ஒரு பாலபாடம் உண்டு: பாதையின் ஏற்றம், அது குறுக்கே வெட்டிப் போகும் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரி 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். பாரம் ஏற்றிய டிராக்டரை ஏற்ற வேண்டியிருந்ததால், தோட்டத்துப் பாதை இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் தானாகவே படித்து வைத்திருக்கிறது. புதிதாக ஒரு மரம் வெட்ட வேண்டாம், ஒரு பொக்லைன் வேண்டாம்.

இப்போது எதிர்ப்பாளர்கள் கடைசி அம்பை எடுப்பார்கள். அதே பிரியதர்ஷினி தோட்டப் பகுதியில் 2025 ஜனவரியில் காப்பி பறிக்கப் போன பழங்குடிப் பெண்ணைப் புலி அடித்துக் கொன்றதே, மறந்துவிட்டதா என்பார்கள். மறக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகும் வயநாட்டில் காப்பி பறிப்பு நிற்கவில்லை, நிறுத்தவும் முடியாது. பந்தலூரில் தினமும் விடியலில் தொழிலாளி நடந்து போகும் அதே பாதையில், வெயில் ஏறிய பிறகு ஹெல்மெட் போட்டு ஒருவன் சைக்கிளில் போனால்தான் திடீரென்று மனித உயிரின் அருமை ஞாபகம் வருகிறது இவர்களுக்கு. கூலிக்குப் போகிறவளுக்கு ஆபத்து என்றால் அது விதி. பொழுதுபோக்குக்குப் போகிறவனுக்கு ஆபத்து என்றால் அது கொள்கைப் பிரச்சினை. வனப் பாதுகாப்பு என்ற பெயரில் வார இறுதியில் ஜீப் வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களிடமிருந்து இந்தப் பாடத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

பணக்காரர் பொம்மைக்கு அரசு நிலமா என்று இன்னொரு குரல். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லா மிதிவண்டி கொடுக்கும் மாநிலம் இது. நாட்டிலேயே சைக்கிளுக்கு இவ்வளவு செலவழித்துவிட்டு, அதை ஓட்ட ஒரு முழம் மண்பாதை தராமல் இருப்பதும் அநேகமாக நாம்தான். கோத்தகிரிப் பையன் ஒருவன் அந்தக் கியர் இல்லாத வண்டியிலேயே தோட்டத்து இறக்கத்தில் என்னென்ன செய்கிறான் என்று பார்த்தவர்கள், பொம்மை என்று சொல்ல மாட்டார்கள். காவலாளி விரட்டும்வரை செய்கிறான்.

விழுந்தால் யார் பொறுப்பு என்பது அதிகாரிகளின் கேள்வி. ‘கடினம்’ என்று நீங்களே தரம் பிரித்த பாதையில் நடப்பவர் வழுக்கினால் யார் பொறுப்போ அவர்தான்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. டான்டீயின் ஒரு கோட்டத்தில், இலை பறிப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு திசையில் மட்டும் ஓடும் பத்து கிலோமீட்டர் சுற்று. காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை. கட்டணத்தில் பாதி தோட்டத் தொழிலாளருக்கு, வழிகாட்டி வேலையும் பஞ்சர் ஒட்டும் வேலையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பலத்த மழை பெய்த வாரம் மூடிவிடலாம். காட்டுத்தீக் காலத்தில் நடைபாதைகளை மூடுவது போலவே இதையும் மூடலாம். இரண்டு வருடம் ஓடட்டும்; டான்டீயின் நஷ்டமும் குறையும், அடுத்த ஆசியப் போட்டியும் பொன்முடியைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். இதற்குச் சட்டத் திருத்தமோ நிபுணர் குழுவோ வேண்டியதில்லை. டான்டீ இருப்பதும், ‘ட்ரெக் தமிழ்நாடு’ நடத்தும் வன அனுபவக் கழகம் இருப்பதும் தலைமைச் செயலகத்தில் ஒரே துறையின் கீழ்தான்: சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை. இரண்டு கோப்பும் போய்ச் சேர்வது ஒரே செயலாளரின் மேசைக்கு. கோடையில் மலையேற்றம் மறுபடி திறக்கும்போது பட்டியலில் 41-ஆவது பாதை இல்லையென்றால், அதைத் தடுத்தது காடும் இல்லை யானையும் இல்லை என்று நான் பெயர் சொல்லியே எழுதுவேன்.