நூல் பிடித்துப் பார்க்கலாம்

காரின் முன் டயரை உள்ளங்கையால் குறுக்கே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல்லைப் போலச் சுரண்டுவதாகவும் இருந்தால், அந்தச் சக்கரம் நேராக உருளவில்லை, பக்கவாட்டில் தேய்த்து இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். டயரின் உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகிக்கொண்டு வந்தாலும் பெரும்பாலும் இதே கோளாறுதான். வண்டி ஓட்டுபவருக்கு அந்த ஓரம் கண்ணில் படாது. கம்பி தெரிகிறபோதுதான் தெரியும்.

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் இது கொஞ்சம் அதிகம். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் மணலிக்கும் இடையே கன்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் பாரத்தில் தார் குழைந்து, சக்கரம் போகிற தடம் வாய்க்காலாக இறங்கிக் கிடக்கும். மழை விட்ட மறுநாள் எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. சின்ன கார் ஒன்று அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டை ராட் லேசாக வளைந்தாலும் போதும், சக்கரங்களின் நேர், அதாவது அலைன்மென்ட், போய்விடும். போதாக்குறைக்குக் கடல் உப்புக்காற்று. காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிகளில் டை ராட் மரை துருப்பிடித்து இறுகிவிடும். சரிசெய்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொள்ளும் சில கடைகளில், அந்த நட்டைக் கழற்ற மெனக்கெடாமல், கழலுகிற பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டு ஸ்டீயரிங் கோணலாகவே அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்சக்கரங்கள் இரண்டின் முன்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும், பின்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளந்தால் வருகிற வித்தியாசம்தான் டோ என்கிற அலைன்மென்ட் அளவு. முன்னால் குறைவாக இருந்தால் டோ-இன், கூடுதலாக இருந்தால் டோ-அவுட். ஆல்ட்டோ மாதிரி ஒரு காரின் டயர் விட்டம் ஏறக்குறைய 54 செ.மீ. இந்த வித்தியாசம் டயர் விளிம்பில் வெறும் 3 மி.மீ. தப்பாக இருந்தால், ஒவ்வொரு முன் டயரும் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் கிட்டத்தட்ட 3 மீட்டர் பக்கவாட்டில் தேய்படுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போய்த் திரும்பினால் எவ்வளவு ரப்பர் தார்ச் சாலையில் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ரப்பரின் விலையைக் கொடுப்பது வாடகைக்கு வண்டி ஓட்டுகிற குடும்பம்.

இந்த ஊருக்கு டயர் புதுசு இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழில், 1952-ல் டிரெட் ரப்பருக்கு வந்து, 1961-ல் டயர் ஆனது. அதுதான் எம்.ஆர்.எஃப். அந்த டயர் வருவதற்கு முன்பே, 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. பிறகு அதுவே அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் என்று போனது. 1955-ல் என்ஃபீல்டு புல்லட்டும் திருவொற்றியூருக்கு வந்தது. இவ்வளவும் இந்தப் பக்கத்திலேயே. அதனால்தான் இங்கே தெருவுக்கு ஒரு ஓய்வுபெற்ற ஃபிட்டர் இருக்கிறார். ஸ்பேனரைப் பார்த்தாலே அளவு சொல்வார்கள். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் வருவதற்கு முன்னால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நூலும் ட்ராமல் என்கிற அளவுக் கம்பியும் வைத்தே சக்கரம் நேராக்கியவர்கள் அவர்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். எண்ணூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை பார்த்தவர். வாசலில் காரை நிறுத்தி நூல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். "தம்பி, நூலு கட்றதுக்கு முன்னாடி சக்கரத்த ஆட்டிப் பாரு. லூசு வண்டிக்கு அளவு எடுத்து இன்னா பிரயோஜனம்?" என்பது அவருடைய முதல் கண்டிப்பு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே மரக்கட்டையும் ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டும் பேரிங்கும் தங்கள் குறையைச் சொல்லிவிடும். அவற்றை மாற்றாமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்குக் கீழே தலை வைக்கவே கூடாது. இதில் ஒரு விட்டுக்கொடுத்தலும் இல்லை.

அடுத்தது தரை. மட்டமாக இருக்கவேண்டும். கொத்தனார் செய்வதுபோல டியூபில் தண்ணீர் விட்டு நான்கு சக்கரத்தடியிலும் பார்த்துவிடலாம். நான்கு டயரிலும் கம்பெனி சொன்ன காற்று. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, அசையாதபடி சீட்டோடு கட்டிவிட வேண்டும். முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு பாலிதீன் தாள், நடுவே கிரீஸ். சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றால் திருத்தம் காட்டாது, இந்தக் கிரீஸ்தான் அதை விடுவிக்கிறது. பிறகு பானெட்டை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு ஸ்பிரிங்கைத் தன் இடத்தில் உட்கார வைக்கவேண்டும்.

இனி நூல். காரின் இருபுறமும் சக்கர மையத்தின் உயரத்தில், காருக்கு முன்னும் பின்னும் ஸ்டூல் வைத்து இழுத்துக் கட்டுங்கள். பலர் தடுமாறுகிற இடம் இதுதான்: முன்சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலமும் பின்சக்கரங்களின் அகலமும் பெரும்பாலான கார்களில் ஒன்றல்ல. ஆகவே நூலுக்கும் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் முன்னே ஒரு கணக்கு, பின்னே ஒரு கணக்கு இருக்கலாம். ஆனால் முன்னே இடமும் வலமும் சமமாக இருக்கவேண்டும், பின்னேயும் இடமும் வலமும் சமமாக இருக்கவேண்டும், இரண்டு நூலுக்கும் இடையே உள்ள தூரமும் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்போதுதான் இரண்டு நூலும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்கும். இதற்குப் பொறுமை வேண்டும். நூலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் இன்னொரு மூலை மாறும். பத்து முறை ஓடித்தான் ஆகவேண்டும்.

நூல் நின்றபின் இரும்பு ஸ்கேலை ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் வைத்து நூல்வரை அளக்கவேண்டும். பின்விளிம்பு நூலுக்குக் கிட்டே, முன்விளிம்பு தள்ளி என்றால் சக்கரம் உள்ளே பார்க்கிறது. எவ்வளவு இருக்கலாம் என்பதை அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். சின்ன கார்களுக்குச் சுழியை ஒட்டிய இரண்டொரு மில்லிமீட்டர்தான் வரும். அளவு ரிம்முக்கா, டயர் விளிம்புக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோணம் ரிம்மில் அளந்தால் குறைவாகவும் டயரில் அளந்தால் கூடுதலாகவும் காட்டும்.

திருத்தம் செய்வது எளிது. முந்தைய நாளே துருவுக்கு எண்ணெய் விட்டு வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, டை ராட்டைத் தள்ளுகிற ஸ்டீயரிங் ராக்கின் ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாதபடி அதன் கிளிப்பையும் விடுவித்து, இரண்டு பக்கமும் சமமாக, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பவேண்டும். ஒருபக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் கோணலாகிவிடும். எந்தப் பக்கம் திருப்பினால் உள்ளே வரும் என்பது, ராக் சக்கர மையத்துக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கடைசியில் லாக் நட்டை இறுக்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது. முதல் ஓட்டம் காலியான தெருவில் மெதுவாக.

இதற்கு எல்லையும் உண்டு. நூல் டோவை நன்றாகக் காட்டும். தூக்குக்குண்டு வைத்தால் கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளேயோ வெளியேயோ சாய்வது, எவ்வளவு என்று சுமாராகத் தெரியும். சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வான கேஸ்டருக்கு இந்த வழி போதாது. பெரும்பாலான சின்ன கார்களில் கேம்பரையும் கேஸ்டரையும் திருத்துவதற்கு வசதியே கொடுத்திருக்கமாட்டார்கள். அவை தப்பாக இருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அதைத்தான் மாற்றவேண்டும். பெரிய பள்ளத்தில் அடிபட்ட வண்டியையும், ஏர்பேக், ஸ்டீயரிங் சென்சார் என்று ஏகப்பட்டது உள்ள புதுக் கார்களையும் மெஷின் இருக்கிற இடத்துக்கே கொண்டு போவதுதான் நல்லது. அண்ணனும் அதைத்தான் சொல்கிறார்.

ஆனாலும் வாசலில் நூல் பிடித்து அளவு தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரும், ஒன்றும் தெரியாமல் போகிறவரும் ஒன்றல்ல. கடைக்காரரிடம் திருத்துவதற்கு முன் இருந்த அளவு, திருத்திய பின் வந்த அளவு இரண்டும் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். இடமும் வலமும் தனித்தனியாக எவ்வளவு, கம்பெனி அளவு எவ்வளவு என்று அதில் இருக்கவேண்டும். சில நூறு ரூபாய் வேலைதான் என்று தாளை விட்டுவிட்டு வராதீர்கள். அந்த அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டயர் ஜோடி ஆயுள் முடியும் முன்பே போய்விடும். டாடா ஏஸ் ஓட்டுகிற, கால் டாக்ஸி ஓட்டுகிற தம்பிகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பெரிய பள்ளத்தில் இறங்கிய அன்றே ஒருமுறை, வண்டியை அளந்து பார்த்துவிடுங்கள். உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கூப்பிட்டு, நூலை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.