மூளையின் அலையை வரைந்தவர்

மூளையைத் திறவாமலே அதன் இயக்கத்தை வரைந்து காட்டும் கருவி இந்நாளில் பெரிய மருத்துவமனைகளில் எல்லாம் உண்டு. தலையின்மேல் சிறு தகடுகளைப் பொருத்துவர்; அலையலையாகக் கோடுகள் எழும். மனிதரிடத்து அவ்வலைகளை முதன்முதற் பதிந்தவர் பொறியியல் வல்லுநர் அல்லர். ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மனநோய் மருத்துவரே ஆவர்.

1873இல் பிறந்த பெர்கர், இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையினின்றும் வீழ்ந்து நூலிழையில் உயிர் தப்பினார். அன்றே, தொலைவில் இருந்த அவர்தம் உடன்பிறந்தாள் அவருக்கு ஏதோ தீங்கு நேர்ந்தது என்று அஞ்சினாள்; தந்தையார் நலம் வினவித் தந்தி விடுத்தார். ஓர் உள்ளத்தின் அச்சம் மற்றோர் உள்ளத்தை எட்டுமோ என்னும் வினா அவரை மருத்துவத்துறைக்கு ஈர்த்தது. அவ்வினாவிற்கு விடை கிட்டவில்லை, கிட்டியது வேறொன்று.

யேனா நகரின் மனநோய் மருத்துவமனையில் 1897இல் புகுந்த அவர், 1919இல் அதன் தலைவரும் பேராசிரியரும் ஆனார். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் தலைமையையும் ஏற்றார். நோயாளரைப் பேணலும் மாணவர்க்குக் கற்பித்தலும் போக எஞ்சிய பொழுதே ஆய்வுக்கு வாய்த்தது. விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்பதை ரிச்சர்டு கேட்டன் என்னும் ஆங்கிலேயர் 1875இலேயே கண்டிருந்தார். மண்டையெலும்பில் ஒரு பகுதி நீக்கப்பெற்ற 17 வயது இளைஞனிடம் பெர்கர் அதனை 1924இல் பதிந்தார்.

அதனை வெளியிட்டதோ 1929இல்! இவ்வைந்தாண்டுத் தாமதத்தைக் கோழைமை என்பாரும் உளர். அது பொருந்தாது. இதயத் துடிப்பும் தசையின் அசைவும் மூளையின் அலைபோலத் தோன்றி ஏமாற்றக்கூடும். அவற்றை விலக்கி, தம் மகன் தலையிலும் பன்முறை பதிந்து பார்த்த பின்னரே அவர் எழுதினார். கண்ணை மூடி அமைதியாக இருப்பார்க்கு நொடிக்கு ஏறத்தாழ 10 அலைகள் எழும். கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ அவை அடங்கும். முதலில் ஐயுற்ற அறிஞர்கள், 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்பார் மெய்ப்பித்துக் காட்டிய பின்னரே உடன்பட்டனர். வலிப்பு நோயை ஆராய்வார்க்கு அக்கருவி இன்றளவும் இன்றியமையாதது.

பெர்கர் நாஜிகளால் துன்புற்றவர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பழைய ஆவணங்களைப் புரட்டியோர் கண்டது வேறு. வழிவழி நோயுடையார் எனக் கருதப்பட்டோரை மக்கட்பேறு இல்லாதவாறு வலிந்து அறுவை செய்யும் சட்டத்தை 1933இல் நாஜி அரசு இயற்றியது. அதற்கென நிறுவிய மன்றத்தில் பெர்கரும் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். அச்சட்டம் குறித்த நோய்களுள் வலிப்பும் ஒன்று. எந்நோயாளர்க்கு அவர்தம் கருவி கைகொடுத்ததோ, அந்நோயாளரையே அம்மன்றம் தண்டித்தது!

கருவியைப் போற்றுவார் இதனை மறைப்பதும், இதனைப் பழிப்பார் கருவியை மறைப்பதும் வரலாறு ஆகா. பெர்கரின் பெயரைக் கற்கும் மருத்துவ மாணவர் இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் கற்றல் வேண்டும். அவர் 1941இல் மறைந்தார். அச்சட்டத்தால் மகப்பேறு இழந்தோர் ஏறத்தாழ 4,00,000 பேர்.