முதலாளி இல்லாவிட்டால் வேலை நடக்காதா?

பசுவந்தனை வட்டாரத்துச் சம்சாரிகள் தங்கள் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கணக்கில் விற்பது என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பேச்சு எழுந்ததுதான் தாமதம், கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் உபதேசம் செய்யக் கிளம்பிவிட்டார். டீக்கடை பெஞ்சில் அவர் செய்த உபதேசத்தின் சாரம் இதுதான்: சொந்தக்காரன் ஒருவன் இல்லாத வேலை உருப்படாது, நாலு பேர் கூடினால் எட்டு அபிப்பிராயம், லாபம் இல்லாமல் எவன் ராத்திரி கண்விழிப்பான்? கம்ப்யூட்டரைப் பாருங்கள், முதலாளி மூளையால்தானே இவ்வளவும் வந்தது?

கம்ப்யூட்டரை அவரே சாட்சிக்கு இழுத்திருக்கிறார். நல்லது. அந்தச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வோம். பள்ளிப் படிப்போடு நின்ற நமக்கு இந்த விஷயத்தை விளக்கியவர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர்.

சாட்சி சொல்வது என்ன?

ஓட்டலில் சர்வர் என்ன செய்கிறார்? கேட்டதைக் காதில் வாங்கி, உள்ளே போய், எடுத்துவந்து வைக்கிறார். நாம் கைபேசியில் பட்டா நகலோ பஸ் டிக்கெட்டோ கேட்டால், எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அதே வேலையைச் செய்கிறது. அதற்கும் சர்வர் என்றே பெயர். அதை அப்படி வேலை செய்யவைப்பது சர்வர் மென்பொருள்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்த சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் ராப் மெக்கூல் என்பவர் இத்தகைய மென்பொருள் ஒன்றை எழுதினார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று அது வெளிவந்தது. 1994 நடுவில் அவர் மையத்தை விட்டுப் போனார், வேலை நின்றது. அதைப் பயன்படுத்தியவர்கள், ஓட்டையைக் கண்ட இடத்தில் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டுச் சமாளித்தார்கள்.

மண்டிக்காரர் சாஸ்திரப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1995 பிப்ரவரியில் பிரையன் பெலன்டார்ஃப், ராய் ஃபீல்டிங் முதலிய எட்டுப் பேர் சேர்ந்து அந்த ஒட்டுகளை ஒன்றுதிரட்டினார்கள். குழுவுக்கு அப்பாச்சி என்று பெயர். எட்டுப் பேரும் ஒரு கூரையின் கீழ் இருந்தவர்கள் அல்ல. அவரவருக்கு அவரவர் வேலை. குழுவுக்கு முதலாளியும் இல்லை, மேனேஜரும் இல்லை.

அவர்களில் ஒருவரான ராபர்ட் தாவ், முழு மென்பொருளையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து ஒரு புதிய அமைப்பை எழுதினார். 1995 ஜூலையில் குழு அந்த அமைப்புக்கு மாறியது. அதன் பிறகு ஒருவர் ஒரு பகுதியில் கைவைத்தால் இன்னொருவர் வேலை கெடவில்லை. 1995 டிசம்பர் 1ஆம் தேதி முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. 1996இல் அது உலகிலேயே மிக அதிகமாகப் பயன்பட்ட சர்வர் ஆயிற்று. எதிரே நின்றவர்கள் யார்? நெட்ஸ்கேப், மைக்ரோசாப்ட் முதலிய கம்பெனிகள்! லாபம் இல்லாமல் எவன் கண்விழிப்பான் என்ற கேள்விக்குச் சாட்சி சொன்ன முதல் பதில் இது.

எட்டு அபிப்பிராயமும் ஒரு முடிவும்

நாலு பேருக்கு எட்டு அபிப்பிராயம் என்பது உண்மைதான். ஆகையால்தான் அவர்கள் விதி வகுத்தார்கள். பேச்செல்லாம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும் மின்னஞ்சலில் நடந்தது. மூலையில் இருவர் குசுகுசுத்து எடுத்தது முடிவாகாது. ஒரு யோசனைக்குச் சம்மதம் என்றால் கூட்டல் ஒன்று, மறுப்பு என்றால் கழித்தல் ஒன்று, இரண்டும் இல்லையென்றால் பூஜ்யம்.

சர்ச்சைக்குரிய ஒரு திருத்தம் நிறைவேற மூன்று சம்மதமாவது வேண்டும். ஒரு மறுப்புகூட இருக்கக் கூடாது. அப்படியானால் ஒரு வம்புக்காரன் போதுமே, எல்லாவற்றையும் முடக்க? போதாது. மறுக்கிறவர் தொழில் ரீதியான காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் இல்லாத மறுப்பு செல்லாது. ஆனால் புதிய பதிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்ற விஷயத்தில் பெரும்பான்மையே தீர்ப்பு. அங்கே தனியாள் மறுப்பு எடுபடாது. எதில் ஒருமனம் வேண்டும், எதில் பெரும்பான்மை போதும் என்பதைச் சண்டை வருமுன்பே பிரித்து எழுதிவைத்துவிட்டார்கள்.

செய்த ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரோடும் தேதியோடும் பதிவாகும். தவறிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். புதியவர் வந்தால் முதலில் திருத்தம் அனுப்புவார். மற்றவர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். வேலை நம்பிக்கை தந்தபின் அவர் கையிலேயே சாவியும் ஓட்டும் கொடுப்பார்கள். 1998இல் ஐ.பி.எம். இந்த மென்பொருளைத் தன் சரக்கோடு சேர்த்துக்கொண்டது. 1999இல் அப்பாச்சி ஒரு பவுண்டேஷனாகப் பதிவாயிற்று. அங்கேயும் ஓட்டு தனி மனிதருக்குத்தான். கம்பெனிக்கு ஓட்டு கிடையாது.

2002இல் மோக்கஸ், ஃபீல்டிங், ஹெர்ப்ஸ்லெப் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இந்தக் குழுவின் வேலையை எண்ணிப் பார்த்தது. நிரல் எழுதித் தந்தவர்கள் சுமார் 400 பேர். அதில் 80 சதவிகிதத்துக்கு மேல் எழுதியவர்கள் 15 பேர். கோளாறு கண்டு சொன்னவர்களோ 3,060 பேர்!

"ஆகா, அந்தப் பதினைந்து பேர்தானே முதலாளிகள்!" என்று மண்டிக்காரர் துள்ளக்கூடும். துள்ள வேண்டாம். அந்தப் பதினைந்து பேர் மென்பொருளைப் பூட்டிவைக்க முடியுமா? விற்றுவிட்டுப் போக முடியுமா? மற்றவர்களை வெளியேற்றிவிட்டுத் தாங்கள் மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. அதிகம் உழைத்தவனுக்குச் சொல்லில் கனம் இருக்கும், அது தலைமை. பிறர் உழைப்பைக் கைப்பற்றிக்கொள்வது சொந்தம் கொண்டாடுவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் மண்டிக்காரரின் பிழைப்பே இருக்கிறது.

சொந்தக்காரன் வந்தபோது

அப்பாச்சி இன்று முதலிடத்தில் இல்லை என்பதை நாம் மறைக்கவில்லை. 2019இல் எஞ்சினெக்ஸ் என்ற சர்வர் அதை முந்தியது. ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்டது அது. அதுவும் யாரும் எடுத்துத் திருத்தக்கூடியதே. அதற்கென்று அமைந்த கம்பெனியை 2019இல் எஃப்5 என்ற அமெரிக்கக் கம்பெனி 67 கோடி டாலருக்கு வாங்கியது. இனி மண்டிக்காரர் விரும்பியபடி ஒரு சொந்தக்காரன் உண்டு. நடந்தது என்ன? நெடுங்காலம் அதில் உழைத்த மாக்சிம் டூனின், பாதுகாப்பு விஷயத்தில் நிர்வாகம் தலையிட்டு வழக்கத்தை மீறியது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் விலகினார். நிரலை எடுத்துக்கொண்டு, கம்பெனிக்கு வெளியே ஃப்ரீஎஞ்சினெக்ஸ் என்று தனியே தொடங்கினார். சொந்தக்காரன் வந்ததால் சச்சரவு தீரவில்லை. தீர்மானிக்கும் இடம் மட்டும் மாறியது.

இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் சாத்தியம் என்பவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் பார்க்கட்டும். 2003இல் இலங்கையில் சஞ்சீவ வீரவரண லங்கா சாப்ட்வேர் பவுண்டேஷனைத் தொடங்கினார். அப்பாச்சியின் கீழ் நடந்த ஆக்சிஸ்2 என்ற சர்வர் வேலையில் இலங்கை இளைஞர்கள் பெரும் பங்கு வகித்தார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தபோது, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய அங்குள்ள தொண்டர்கள் சகானா என்ற மென்பொருளை எழுதினார்கள். லாபக் கணக்கு பார்த்தா அவர்கள் கண்விழித்தார்கள்?

மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் நாமும் பாதி உண்மை சொன்னவர்களாவோம். "பார்த்தீர்களா, எல்லாம் சேவை மனப்பான்மை!" என்று வேறொரு கூட்டம் கை தட்டுகிறது. இது மண்டிக்காரரைவிட ஆபத்தான கூட்டம். உலகத்தின் ரகசியப் போக்குவரத்துக்கெல்லாம் பூட்டுப் போடும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்ரலில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அதுவரை அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்! 2021 டிசம்பரில் அப்பாச்சியின் லாக்4ஜே மென்பொருளில் ஓட்டை கண்டபோது, உலகக் கம்பெனிகளெல்லாம் நடுங்கின. ராத்திரி பகலாக அடைத்தவர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் உழைத்த தொண்டர்கள். கோடி கோடியாய்ச் சம்பாதித்த கம்பெனிகள் அதுவரை எங்கே இருந்தன?

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த நம் பெண்களுக்கு இந்தப் பாட்டு பழையது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொன்ன வாயே கூலி கேட்டால் கணக்குப் பேசும். சேவை என்ற சொல்லால் கூலியை மூடுவது எந்தத் தொழிலிலும் ஒன்றுதான்.

எங்கே ஓட்டை? வேலையை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு அப்பாச்சி குழு விதி செய்தது. பலனை எப்படிப் பங்கிடுவது என்பதற்குச் செய்யவில்லை. அவர்கள் உரிமப்படி எவரும் எடுத்து, திருத்தி, தன் திருத்தத்தைப் பூட்டிக்கொண்டு விற்கலாம். 1989இலேயே ரிச்சர்ட் ஸ்டால்மன் வேறொரு உரிமம் எழுதினார்: திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலத்தையும் கொடு என்பது அதன் விதி. பலன் பற்றிய விதியையும் முதல் நாளே எழுதலாம் என்பதற்கு அது சாட்சி.

நமக்குள்ள பாடம்

நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். மண்டிக்காரர் பேச்சு டீக்கடையில் எடுபடக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் முன்னின்று அமைத்த ஒரு விற்பனைக் குழு இரண்டாம் வெள்ளாமையிலேயே படுத்துவிட்டது. சம்சாரிகள் ஒற்றுமை இல்லாதவர்கள் என்று அன்று பழி போட்டோம். உண்மை அதுவல்ல. கணக்கு நோட்டு ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. எடை பற்றிக் கேள்வி கேட்டவரை வம்புக்காரர் என்றோம். கூட்டம் கூடுமுன்பே முடிவு எடுத்துவிட்டுக் கைதூக்கச் சொன்னோம். செத்தது கூட்டு முயற்சி அல்ல, நம்முடைய மூடுமந்திரம்.

ஆகவே புதிய குழு கூடும்போது நாலு காரியம் முதலில் நடக்கட்டும். எடையும் விலையும் அன்றன்றே எல்லோரும் பார்க்கிற பலகையில் ஏறட்டும். மறுப்பவர் காரணம் சொல்லட்டும். காரணம் சொன்னவரை யாரும் வாயடைக்க வேண்டாம். மூட்டை கொடுக்கிற சம்சாரிக்கே ஓட்டு, பணம் போட்டவன் என்பதற்காக எவனுக்கும் ஓட்டு வேண்டாம். எடை போடுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் கூலி இவ்வளவு என்று முதல் நாளே எழுதுங்கள். சேவை என்று சொல்லி யாரையும் ஏய்க்க வேண்டாம்.

மண்டிக்காரர் இழுத்துவந்த சாட்சி அவருக்கே எதிராகப் பேசிவிட்டது. சொந்தக்காரன் இல்லாமல் வேலை நடக்கும். திறந்த கணக்கு இல்லாமல்தான் நடக்காது.